தாளமானியும் முரசின் விரைவும்

எழுத்தொலியின் கால அளவை மாத்திரை என்று வகுத்த நம் இலக்கண நூலார், அதற்கு அளவுகோலாகக் கொண்டவை இரண்டு. ஒன்று, இயல்பாக இமைக்கும் கண்ணிமை. மற்றொன்று, கைவிரல் நொடிக்கும் நொடி. தொல்காப்பியத்திலேயே காணப்படும் இவ்வளவையைப் பின்வந்தோர் மேலும் நுணுக்கினர். நொடிக்க எண்ணுவது கால் மாத்திரை, விரலோடு விரலை அழுத்துவது அரை, அதனைத் திருகுவது முக்கால், விட்டொலிப்பது ஒன்று என அந்த ஒற்றைச் செயலை நான்கு கூறாக்கிக் காட்டும் குறிப்பு இலக்கண உரைகளில் உண்டு. இலக்கணம் பயில்வோர் இதனைத் தேர்வுக்காக மனனம் செய்துவிட்டுக் கடந்து போவது வழக்கம். ஆனால் தோற்கருவி பயிலும் ஒருவர் இதனைப் படித்தால் சற்றே நின்று வியப்பார். ஏனெனில், அவருக்கு வேண்டிய இரண்டு உண்மைகள் இதில் அடங்கியுள்ளன. ஒரு தட்டுக்குள் நான்கு சம கூறுகளை உணர வேண்டும் என்பது முதலாவது. ஒலி என்பது செயலின் தொடக்கமன்று, அதன் முடிவு என்பது இரண்டாவது. குச்சி தோலைத் தொடுவதற்கு முன்பே நினைத்தலும், உயர்த்தலும், இறக்கலும் நிகழ்ந்து முடிந்திருக்க வேண்டும். விரைந்து வாசிக்க முயன்று தடுமாறுவோரில் பெரும்பாலோர் தடுமாறுவது ஒலியில் அன்று. ஒலிக்கு முந்திய அந்த முக்கால் பங்கிலேயே.

இமையும் நொடியும் இலக்கணத்துக்குப் போதுமான அளவைகள். இசைக்கு அவை போதா. ஒருவரின் நொடி மற்றொருவரின் நொடிக்கு ஒப்பாகாது. ஒரே மனிதருக்கும் காலையில் ஒன்று, மேடையேறும்போது மற்றொன்று. ஆகவே மனிதனின் நாடியையும் மூச்சையும் சாராத ஓர் அளவுகருவி தேவையாயிற்று. அதுவே மெட்ரோனோம். அதனைத் தாளமானி என்னும் பெயரால் இக்கட்டுரை குறிக்கும். டிரம் பயில்வோர் தம் விரைவை அதனைக் கொண்டு அளப்பது எங்ஙனம், வளர்ப்பது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். (இனி நொடி எனப்படுவது கடிகாரத்தின் நொடியே, இலக்கண நொடி அன்று.)

கருவியின் வரலாறு

ஊசலின் நீளம் மாறாதவரை அது ஆடும் காலமும் ஏறத்தாழ மாறாது என்பதைக் கலிலியோ கண்டறிந்த பின்னர், அதனை இசைக்குப் பயன்படுத்தும் எண்ணம் பலருக்கும் எழுந்தது. பிரெஞ்சு நாட்டு எட்டியென் லூலியே 1696-இல் ஒரு கருவியை வெளியிட்டார். நூலில் தொங்கும் குண்டு, நூலின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் அளவுகோல், இவ்வளவே அது. அதற்கு ஒலி கிடையாது. கண்ணால் பார்த்தே காலத்தை அறிய வேண்டும். அன்றியும் அது ஆள் உயரத்தையும் விஞ்சி நின்றது. இதற்குக் காரணம் ஊசலின் இயல்பே. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99 சென்டிமீட்டர். காலம் ஒன்றரை மடங்கானால் நீளம் இரண்டே கால் மடங்காகும். எனவே நிமிடத்திற்கு 40 தட்டு என்னும் நிதானமான காலத்தைக் காட்ட இரண்டேகால் மீட்டர் அளவுக்கு நூல் வேண்டும். பயிற்சி அறைக்கு ஏற்ற கருவியா இது?

இந்தச் சிக்கலை 1814-இல் அவிழ்த்தவர் ஆம்ஸ்டர்டாம் நகரில் வாழ்ந்த டீட்ரிக் நிக்கோலாஸ் விங்கெல் என்னும் கருவி வினைஞர். தண்டின் ஒரு முனையில் மட்டும் எடையைத் தொங்கவிடாமல், சுழலச்சுக்குக் கீழே கனத்த எடையொன்றையும் மேலே நகர்த்தக்கூடிய சிறு எடையொன்றையும் அவர் அமைத்தார். மேலெடை கீழெடையின் இழுப்பை ஓரளவு எதிர்ப்பதால், சாணளவுத் தண்டே மிக மெதுவாக ஆடத் தொடங்கிற்று. சிறு எடையை மேலே ஏற்றினால் ஆட்டம் மெதுவாகும். கீழே இறக்கினால் விரையும். எளிய தீர்வு, ஆனால் அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதன் பின் நடந்தது இலக்கிய உலகினர்க்குப் புதிதாகத் தோன்றாது. யோகான் நெப்போமுக் மெல்ட்சல் என்பவர் இக்கருவியைக் கண்டார். அதில் எண்கள் பொறித்த அளவுகோலைச் சேர்த்தார். 1815-இல் தம் பெயரால் காப்புரிமை பெற்றார். பாரிசில் அதனைச் செய்து விற்கவும் தொடங்கினார். விங்கெல் முறையிட, 1820-இல் நெதர்லாந்து அறிஞர் கழகம் கண்டுபிடிப்பு விங்கெலுடையதே என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு அவருக்கு, பெயர் இவருக்கு. இன்றும் இசைத்தாள்களில் காணப்படும் எம்.எம். என்னும் எழுத்துகள் மெல்ட்சலின் மெட்ரோனோம் என்பதையே குறிக்கின்றன.

பெரும்புகழ் பெற்ற இசைமேதை பீத்தோவன் இக்கருவியை ஆர்வத்தோடு வரவேற்றார். 1817-இல் தம் எட்டு சிம்பனிகளுக்கும் தாளமானி எண்களை வெளியிட்டார். 'ஹாமர்கிளாவியர்' என வழங்கும் பியானோ சொனாட்டாவின் முதற் பகுதிக்கு அவர் இட்ட எண் 138. அந்த எண்ணுக்கு ஏற்ப வாசிப்பது எளிதன்று என்பதால் பலர் அதனைக் குறைத்தே வாசித்து வருகின்றனர். எண் சரியா, கருவி பழுதா என்னும் விவாதம் இரு நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. மெல்ட்சலைப் புகழ்ந்து பீத்தோவன் இயற்றியதாகச் சொல்லப்பட்ட ஒரு வேடிக்கைப் பாட்டு, அவருடைய செயலராயிருந்த ஷிண்ட்லர் புனைந்தது என்று இப்போது ஆய்வாளர் கருதுகின்றனர். இடைச்செருகல் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

முரசுக்கும் நிமிடக் கணக்குக்கும் உள்ள உறவு தாளமானியைவிட மூத்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்க விடுதலைப் போரின்போது படைப்பயிற்சி நூலை எழுதிய ஸ்டாய்பன், 1779-இல் பொதுநடைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 75 அடி என்றும், விரைநடைக்கு 120 அடி என்றும் வரையறுத்தார். அந்த நடையைக் காத்தது முரசொலி. முரசறைவோன் விரைந்தால் படை விரையும். அவன் தளர்ந்தால் படை தளரும். இன்று டிரம் பயில்வோர் கற்கும் அடிப்படைப் பாடங்கள் பலவும் அந்தப் படைமுரசு மரபில் வந்தவையே. வலம், இடம், வலம், இடம் என மாறிமாறி அடிக்கும் சிங்கிள் ஸ்ட்ரோக் ரோல். வலம் இரண்டு, இடம் இரண்டு என அடிக்கும் டபுள் ஸ்ட்ரோக் ரோல். வல-இட-வல-வல, இட-வல-இட-இட என்னும் பாராடிடில் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. 1933-இல் அமெரிக்க முரசறைவோர் சங்கம் இவற்றைத் தொகுத்து நிலைபெறச் செய்தது. 1935-இல் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் எழுதிய 'ஸ்டிக் கண்ட்ரோல்' என்னும் பயிற்சி நூல் ஒவ்வொரு பாடத்தையும் நிறுத்தாமல் இருபது முறை வாசிக்கப் பணிக்கிறது. அந்நூல் இன்றும் பயிலப்படுகிறது.

எண்ணின் பொருள்

தாளமானி காட்டும் எண், ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை ஒலிக்கும் என்பதே. அவ்வொலியைத் தட்டு என்றும், குச்சியால் அறைவதை அடி என்றும் கொள்வோம். தட்டு வேறு, அடி வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் "நான் இருநூறில் வாசிக்கிறேன்" என்னும் பேச்சு பொருளற்றுப் போகிறது. ஒரு தட்டுக்கு எத்தனை அடி என்று சொல்லாதவரை அந்த எண்ணால் எதையும் அறிய இயலாது.

கணக்கு எளிது. தாளமானி எண்ணை ஒரு தட்டுக்குரிய அடிகளால் பெருக்கினால் நிமிடத்திற்குரிய அடிகள் கிடைக்கும். அதனை 60-ஆல் வகுத்தால் நொடிக்குரிய அடிகள். 120 தட்டில், தட்டுக்கு நான்கு அடி வீதம், நிமிடத்திற்கு 480, நொடிக்கு 8. ஒவ்வோர் அடிக்கும் இடையே எட்டில் ஒரு நொடி. கைகள் மாறிமாறி அடிப்பதால் ஒரு கைக்கு நொடிக்கு 4 அடிதான் வருகிறது. 200 தட்டில் நிமிடத்திற்கு 800. நொடிக்கு 13-க்கும் சற்று மேல்.

இக்கணக்கை மறுதலையாகவும் போடலாம். உலகின் விரைவான டிரம் கலைஞர் யார் என்று காணும் போட்டிகளில், அடிகளை எண்ணும் மின்னணுக் கருவியின்மீது 60 நொடிகள் மாறிமாறி அடிப்பது முறை. 2005-இல் மைக் மஞ்சினி 1,203 அடிகள் அடித்தார். 2013-இல் கனடா நாட்டு டாம் குரோசெட் 1,208 அடிகள் அடித்து அதனை முந்தினார். 1,208-ஐ நான்கால் வகுத்தால் 302. அதாவது, நிமிடத்திற்கு 302 தட்டுகள் ஒலிக்கும் தாளமானியோடு, தட்டுக்கு நான்கு அடி வீதம், ஒரு முழு நிமிடம் ஓயாது வாசித்ததற்கு அது ஒப்பு. பழைய எந்திரத் தாளமானிகளில் மிகுதியான எண்ணே 208 என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். எனினும் இவ்வகைப் போட்டி அடிகளை எண்ணுகிறது. அடிகளுக்கு இடைப்பட்ட காலம் சமமா என்பதை எண்ணிக்கை காட்டாது. மேடை இசைக்கு வேண்டுவது அந்தச் சமன்தான். ஓட்டப்பந்தய வீரனையும் அணிவகுப்பு வீரனையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியுமா?

விரைவை அளக்கும் முறை

தன் விரைவை அறிய விரும்புவோர் முதலில் எதை விரைவென்று கொள்வது எனத் தெளிய வேண்டும். இரண்டு மூன்று நொடிகள் பாய்ந்தடிக்கும் விரைவு ஒன்று. ஒரு நிமிடம் தாங்கி நிற்கும் விரைவு மற்றொன்று. முன்னது எப்போதும் பின்னதைவிட மிகும். குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். ஆயினும் தன் விரைவு இது என்று பிறரிடம் சொல்லத் தகுந்தது பின்னதே என்பது எம் கருத்து.

ஓர் எண்ணில் ஒரு பாடத்தை ஒரு நிமிடம் வாசிக்கும்போது அடிகள் தட்டோடு பொருந்த வேண்டும். இரு கைகளின் ஒலியும் ஒத்த வலிமையுடன் இருக்க வேண்டும். தோளோ முன்கையோ இறுகக் கூடாது. முடித்தபின் உடனே மீண்டும் தொடங்கக்கூடிய நிலையில் மூச்சு இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அந்த எண் இன்னும் நமதாகவில்லை. முன்னைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். வாசிக்கும்போது நம் செவி நமக்கு அனுசரணையாகவே தீர்ப்புச் சொல்லும். ஆதலால் கைப்பேசியில் பதிவு செய்து அரை மணி நேரம் கழித்துக் கேட்பது நன்று. அப்போது நடுவுநிலைமை தானே வந்துவிடும்.

தட்டோடு சரியாகப் பொருந்தியதை அறிய ஓர் அழகிய அடையாளம் உண்டு. அடி தட்டின்மீதே விழும்போது தாளமானியின் ஒலி மறைந்துவிடும். கருவி நின்றுவிட்டதோ என்று ஐயம் தோன்றும். சற்று முந்தினாலோ பிந்தினாலோ இரண்டு ஒலிகள் தனித்தனியே கேட்கும். தட்டைப் புதைத்தல் என்று டிரம் கலைஞர்கள் இதனைச் சொல்வர். தொடர்ந்து எட்டுத் தட்டுகளைப் புதைக்க முடிந்தால் அது சிறு வெற்றியன்று.

இங்கே உளவியலார் கண்ட ஓர் உண்மை கருதத்தக்கது. சீரான ஒலிக்கு ஏற்ப விரலால் தட்டச் சொன்னால், மக்கள் பெரும்பாலும் ஒலிக்குச் சற்று முன்னரே தட்டுகின்றனர். சில பத்து மில்லிநொடிகள் என்னும் அளவுக்கு இம்முந்துதல் அமைகிறது. தட்டுபவர் அதனை உணர்வதில்லை. தாம் சரியாகத் தட்டுவதாகவே எண்ணுகின்றனர். இசைப் பயிற்சி உடையவரிடம் இந்த இடைவெளி குறைகிறது. எனவே புதிதாகப் பயில்வோர் தாளமானியைவிட முந்துவது அவர்தம் பொறுமையின்மையால் மட்டும் அன்று. மனித இயற்கையும் அதற்குக் காரணம். ஆசிரியர்கள் இதனை அறிந்தால் மாணவர்மீது சினம் கொள்வது சற்றுக் குறையலாம்.

இரு கைகளையும் தனித்தனியே அளப்பது இன்றியமையாதது. வலக்கை மட்டும் நொடிக்கு 8 அடி, இடக்கை மட்டும் 6 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 14 என்று கணக்கிடுவது பிழை. மாறிமாறிச் சமமாக அடிக்கும்போது வலக்கை இடக்கைக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே எல்லை 12 மட்டுமே. அதற்கு மேல் விரைந்தால் இடைவெளிகள் கோணும். ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் நொண்டும். ஆகவே வலக்கையின் விரைவைக் கூட்ட உழைப்பது, இடக்கை வளராதவரை, வீணே. பலர் பல மாதங்களை இவ்வாறு இழக்கின்றனர். இடக்கையால் தொடங்கி வாசிப்பதும், இடக்கைக்கு இரு மடங்கு நேரம் ஒதுக்குவதும் இதற்கு மருந்து.

விரைவை வளர்த்தல்

பழைய தாளமானியின் அளவுகோலை உற்று நோக்குவோர்க்கு ஒரு நுட்பம் புலப்படும். 40 முதல் 60 வரை எண்கள் இரண்டிரண்டாக ஏறுகின்றன. 60 முதல் 72 வரை மும்மூன்று. 72 முதல் 120 வரை நந்நான்கு. 120 முதல் 144 வரை அவ்வாறு. அதற்கு மேல் 208 வரை எவ்வெட்டு. எண்கள் மாறினாலும் விகிதம் பெரிதும் மாறவில்லை. ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிட நூற்றுக்கு மூன்றரை முதல் ஐந்தரை வரையே மிகுகிறது. செவி உணர்வது கூட்டலை அன்று, விகிதத்தை. கையும் அவ்வாறே. 60-இலிருந்து 68-க்குத் தாவுவது பெரும்பாய்ச்சல். 200-இலிருந்து 208-க்குச் செல்வது ஒரு சிறு படி. இன்றைய மின்னணுத் தாளமானிகளில் ஒவ்வொன்றாக ஏற்ற முடிகிறது என்பதால் அந்தப் பழைய படிவரிசையின் அறிவு பயனற்றதாகிவிடவில்லை.

ஒருவரால் 120 தட்டில், தட்டுக்கு நான்கு அடி வீதம், ஒரு நிமிடம் சீராக வாசிக்க முடிகிறது என்க. அவர் அன்றைய பயிற்சியை 120-இல் தொடங்கலாகாது. அதன் முக்கால் பங்கான 90-ஐ ஒட்டி, 88-இலோ 92-இலோ தொடங்க வேண்டும். ஒரு நிமிடம் வாசித்துச் சிறிது ஓய்ந்து அடுத்த படிக்கு ஏற வேண்டும். 120-ஐ அடைந்ததும் நேரே 126-இல் ஒரு நிமிடம் முயல்வதைவிடச் சிறந்த வழி ஒன்றுண்டு. தாளமானியை 132-இல் வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு அடி அடித்து அடுத்த தட்டில் ஓய்வது; பின்னர் இரண்டு தட்டுகள் அடித்து இரண்டு தட்டுகள் ஓய்வது; அதன்பின் நான்கு. கை எதிர்கால விரைவைச் சிறுசிறு மிடறாகச் சுவைத்துப் பார்க்கிறது. அதன்பின் 126-க்கு இறங்கினால் அது முன்போல் அச்சுறுத்துவதில்லை. இறுதியில் மீண்டும் 80-க்குத் திரும்பி இரண்டு நிமிடம் வாசித்து முடிக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கி, விரைந்து, மீண்டும் மெதுவாக முடிப்பது பழைய படைமுரசுப் பள்ளியின் முறையும் ஆகும்.

ஒரு வாரத்தில் ஒரு படி ஏறினாலே போதும். சில வாரங்கள் ஏறாமலே போகும். அவ்வேளையில் படியை மாற்றாமல் செயலை ஆராய வேண்டும். மெதுவான காலத்தில் மணிக்கட்டு முழுவதும் அசைந்து குச்சி ஓரடி உயர எழும். அதே உயரத்தை விரைவான காலத்தில் காக்க முயன்றால் தசை இறுகும். குச்சியின் உயரத்தை இரண்டு மூன்று அங்குலமாகக் குறைத்து, அசைவை மணிக்கட்டிலிருந்து சிறிது சிறிதாக விரல்களுக்கு மாற்றுவதே வழி. அன்றியும், தோல் குச்சியைத் திருப்பி எறிகிறது. எழுப்பும் வேலையில் பாதியைத் தோலே செய்கிறது. குச்சியை இறுகப் பற்றியவன் அந்த உதவியை மறுத்துவிடுகிறான். டபுள் ஸ்ட்ரோக் ரோலில் இரண்டாம் அடி பெரிதும் இந்தத் துள்ளலில் பிறப்பதே. விடுதி அறையில் தலையணைமீது பயிலும் மாணவர்கள் உண்டு. பக்கத்து அறையினரின் தேர்வுக்கு அது நன்மை. மணிக்கட்டு வலுப்பெறவும் உதவும். ஆனால் தலையணை துள்ளாது. ஆதலின் ரப்பர்ப் பயிற்சிப் பலகையும் உடன் வேண்டும்.

நம் மரபின் மூன்று காலம்

மிருதங்கம் பயில்வோர் முதற் பாடத்தையே மூன்று காலங்களில் வாசிக்கப் பழகுகின்றனர். கையால் போடும் தாளம் மாறாது நிற்க, தட்டுக்கு ஒன்றாய் நின்ற சொல் இரண்டாகிப் பின்னர் நான்காகிறது. வாயால் சொற்கட்டைச் சொல்லிக் கையால் தாளமிட்ட பிறகே கருவியைத் தொடுவது நல்லாசிரியர் வழி. தாளத்தின் அளவை மனத்துள் நிலைநிறுத்துவதில் இதற்கு ஈடு இல்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதை, தண்ணுமை முதல்வனுக்குரிய தகுதிகளைத் தனியே எடுத்துரைப்பதிலிருந்து இக்கல்வியின் பழமையை உணரலாம்.

ஆனால் மூன்று கால முறையில் ஒவ்வொரு ஏற்றமும் இருமடங்கு. 60-இல் தாளமிட்டால் அடிகள் நிமிடத்திற்கு 60, 120, 240 என ஏறும். 240-க்கு முன் 200 என்ன ஆயிற்று, 220 என்ன ஆயிற்று என்னும் வினாவுக்கு அதில் இடமில்லை. ஆசிரியர் தாளத்தையே சிறிது விரைவாக்கி அவ்விடைவெளியை நிரப்புவார். தாளமானி செய்வதும் அதுவே. ஆசிரியர் உடனில்லாத நேரத்திலும் செய்யும். மேலும், தட்டுக்கு நான்கில் மட்டும் பழகிய கை ஐந்திலும் ஏழிலும் தடுமாறும். தகதிமி என நான்கும், தகிட என மூன்றும், தகதகிட என ஐந்தும், தகிட தகதிமி என ஏழும் ஒரே தட்டுக்குள் அடங்கும்படி வாயால் சொல்லிப் பழகியவர்க்கு மேலைநாட்டு டிரம்மிலும் அது பெருந்துணை. தட்டை 96-இல் நிறுத்திக்கொண்டு மூன்று, நான்கு, ஐந்து என மாற்றினால் நிமிடத்திற்கு 288, 384, 480 என அடிகள் ஏறுகின்றன. தாளமானியின் எண் மாறவேயில்லை, விரைவு மாறிவிட்டது.

கருவியை நிறுத்திப் பார்த்தல்

எப்போதும் ஒலிக்கும் தாளமானியோடு மட்டுமே வாசிப்பவர் நடைவண்டியை விடாத குழந்தையை ஒப்பர். எந்திரம் இசையைக் கொன்றுவிடும் என்று அஞ்சுவோர் அஞ்சுவதும் இத்தகையோரைப் பார்த்தே. கல்லூரி விழாக்களில் இதன் மறுதலையையும் காண்கிறோம். டிரம் வாசிக்கும் மாணவர் கைதட்டலில் மயங்கி அடிக்கு அடி விரைய, பாடுபவர் சரணத்தில் மூச்சுக்குத் திணறுவார். குற்றம் பாடியவர்மேல் விழும். இவ்விருவருக்கும் ஒரே பயிற்சி பயன்படும்.

1886-இல் ஸ்டீவன்ஸ் என்னும் ஆய்வாளர் மனிதனின் கால உணர்வை ஆராய ஒரு முறையைக் கையாண்டார். தாளமானியோடு தட்டச் செய்து, பிறகு அதனை நிறுத்திவிட்டு, அதே காலத்தில் தொடரச் சொன்னார். உளவியலார் இம்முறையை இன்றும் பின்பற்றுகின்றனர். அதனையே நாமும் மேற்கொள்ளலாம். நான்கு தட்டுகள் கொண்ட ஆவர்த்தனம் நான்கு ஒலித்து, அடுத்த நான்கு மௌனமாகும்படி அமைக்கும் வசதி பல கைப்பேசித் தாளமானிகளில் உள்ளது. 120 தட்டில் அந்த மௌனம் 16 தட்டு, அதாவது 8 நொடி. அவ்வேளையில் ஒருவர் தம்மை அறியாமல் 126-க்கு விரைந்துவிட்டால், ஒலி திரும்பும்போது அவர் ஒரு தட்டில் ஐந்தில் நான்கு பங்கு முன்னே போயிருப்பார். அந்த அதிர்ச்சி கற்பிப்பதை எந்த அறிவுரையும் கற்பிக்காது.

இன்னொரு வழி, ஒலியை அரிதாக்குவது. 160 தட்டில் வாசிக்கும் பாடத்துக்குத் தாளமானியை 80-இல் வைத்தால் இரண்டு தட்டுக்கு ஒருமுறை ஒலிக்கும். 40-இல் வைத்தால் ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை. 40-இல் ஒலிகளுக்கு இடையே ஒன்றரை நொடி. ஒலிகளின் இடைவெளி ஏறத்தாழ 1.8 நொடியைத் தாண்டும்போது, அடுத்த ஒலியை எதிர்நோக்கித் தட்டும் ஆற்றல் தளர்ந்து, ஒலியைக் கேட்டபின் தட்டும் நிலை தோன்றத் தொடங்குகிறது என்பர் ஆய்வாளர். மெதுவான காலம் கடினமானது என்று மூத்த கலைஞர்கள் சொல்வது அடக்கத்தினால் அன்று என்பது இதனால் விளங்கும். அவ்விடைவெளியை மனத்துள் நான்காகப் பகுத்துக் கொள்வோர்க்கே அது வசப்படும்.

கருவியையும் உடலையும் காத்தல்

எந்திரத் தாளமானியைச் சமதளத்தில் வைக்க வேண்டும். மேசை சாய்ந்திருந்தால் டிக், டாக் என்னும் ஒலிகளின் இடைவெளி சமமாக இராது. அதனோடு பயின்றவரும் அவ்வாறே நொண்டக் கற்பார். கைப்பேசியின் ஒலியைப் புளூடூத் செவிக்கருவியில் கேட்போர்க்கு ஒலி சிறிது தாமதித்தே வரும். தனியே ஒலியை மட்டும் கேட்டு வாசிப்பவருக்கு இதனால் கேடில்லை, தாமதம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்றே ஆதலின். திரையில் மின்னும் ஒளியையும் உடன் நோக்குவோரும், ஒலிபெருக்கி வழியே அதே ஒலியைக் கேட்கும் பிறரோடு சேர்ந்து வாசிப்போரும் கம்பியுள்ள செவிக்கருவியையே பயன்படுத்த வேண்டும்.

டிரம் ஒலி 100 டெசிபலையும் கடக்கக் கூடியது. அதற்கு மேலாகத் தட்டு கேட்க வேண்டுமென்று செவிக்கருவியின் ஒலியை உயர்த்துவது செவிக்குத் தீங்கு. வெளியொலியைத் தடுக்கும் காதுமூடியின் உள்ளே மெல்லிய ஒலியாகத் தட்டைக் கேட்பதே தகும். மணிக்கட்டைப் பொறுத்தவரை, களைப்பு வேறு, வலி வேறு. முன்கையில் எரிச்சல் போன்ற களைப்பு சில நிமிட ஓய்வில் தீரும். மணிக்கட்டில் குத்தும் வலியோ, விரல்களில் மரத்தலோ, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் கூச்சமோ தோன்றினால் அன்றே குச்சியை வைத்துவிட வேண்டும். நீடித்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பின்னர் மீண்டும் தொடங்கும்போது, குறிப்பேட்டில் கடைசியாக எழுதிய எண்ணின் பாதியிலிருந்து தொடங்குக.